வேப்பெண்ணெய் சேராத சுவர்

மாசானத்தாய் ஆடு மேய்த்துவந்த பொட்டலை பில்டர் நவநீதன் வளைத்துப்போட்டார். அவள் அழுதபோது, "ஒன் எடம்னா வேலி போட்டிருக்க வேண்டியதுதான?" என்று சிரித்தார்.

இன்று அங்கே ரோபோக்கள் வாழைநாரில் வீடு பின்னுகின்றன. அவற்றை இயக்கும் வேலையை அவளுக்கே கொடுத்து, தினமும் ஒரு கும்பிடும் எதிர்பார்த்தார். ஆடு கடிக்காமலிருக்க நாரை வேப்பெண்ணெயில் நனைத்துப் பின்ன வேண்டும். நவநீதனின் சொந்த வீட்டுக்கு மட்டும் அவள் உப்புப்போட்ட கஞ்சியில் நனைத்தாள்.

அந்தப் புதுவீட்டின் பால்காய்ப்பு அன்று, விருந்தாளிகள் பார்த்திருக்க, அவளுடைய ஆடுகள் படுக்கையறைச் சுவரைத் தின்றுவிட்டு உள்ளே நுழைந்தன.

"ஏட்டி, ஆட்டப் பிடி!" என்று அலறினார் நவநீதன்.

மாசானத்தாய் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஒங்க வீடுன்னா வேலி போட்டிருக்க வேண்டியதுதான, அண்ணாச்சி?"