பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு

அக்கா பலகையை மெஷின்மேல் வைத்தாள். சுவிட்சைத் தொடவில்லை.

பட்டறையிலேயே பழையது இந்த அறுப்பு மெஷின். வாங்கியபோது மேசையும் பிளேடும் மட்டும்தான் இருந்தன. பாதுகாப்புக்கென்று ஒன்றும் கிடையாது.

போன வருடம் ஒரு பலகை பாதி அறுபட்ட நிலையில் பிளேடைக் கவ்வித் திருப்பி அடித்தது. அக்காவின் இடுப்பை உரசிக்கொண்டு பறந்து, பின்னால் வந்த தங்கையின் விலா எலும்பை உடைத்தது.

அன்று மெஷினை நிறுத்திய அக்கா அதன்பிறகு அதைத் தொடவில்லை. இன்றும் அவள் தொடாவிட்டால் சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்துவிடுவார். மெஷின் போனால் பட்டறையும் போன மாதிரிதான்.

தங்கை விடவில்லை. எழுந்து நடமாட முடிந்ததும் மெஷினில் துளை போட்டு, மரை வெட்டி, பிளேடுக்குப் பின்னால் ஒரு தகட்டை நிறுத்தினாள். பிளேடின் நேருக்கு வரும்வரை டின் துண்டுகளை அடியில் செருகிச் செருகிப் பார்த்தாள். அறுபட்ட மரம் மூடிக்கொண்டால் இனி தகட்டைத்தான் பிடிக்கும். தகட்டின் இருபுறமும் பல் வைத்த இரும்பு நாக்குகள். மரம் முன்னால் போனால் வழிவிடும். பின்னால் வந்தால் கடிக்கும்.

சோதனைக்கு அவள் எடுத்துவைத்தது இருப்பதிலேயே மோசமான பலகை. சாய்ந்து வளர்ந்த மரம். உள்ளுக்குள் அத்தனையும் முறுக்கு.

“நல்ல பலகையை அறுத்து யாரை ஏமாத்தப் போறோம்? ஆரம்பி அக்கா, மெஷினுக்கே தூக்கம் வருது.”

“நீ முதல்ல வெளியே போ. நீ உள்ள நின்னா நான் கை வைக்க மாட்டேன்.”

“சரிங்க முதலாளியம்மா.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டாள்.

பலகை பாதி தாண்டியதும் மோட்டாரின் குரல் மாறியது. அறுபட்ட இரண்டு பாதிகளும் அவள் கண்ணெதிரே மெல்ல ஒன்றையொன்று நெருங்கின.

இந்த வேலையில் யாரும் செய்யக் கூடாததை அவள் செய்தாள். பயத்தில் கையை எடுத்துவிட்டாள்.

பலகை ஒரு நூலளவு பின்னால் நகர்ந்தது. இரும்பு நாக்குகள் இறங்கின.

நின்றது.

பிளேடு சுழன்றுகொண்டே இருந்தது. பலகை அசையவில்லை. முழங்காலால் சுவிட்சைத் தட்டினாள். பிளேடு மெதுவாகி, பல் பல்லாகத் தெரிந்து, ஓய்ந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். மரம் தகட்டை அப்படிப் பிடித்திருந்தது, இடையில் ஒரு தலைமுடிகூட நுழையாது. எத்தனையோ வருடக் காற்றை எதிர்த்து நின்ற பலமெல்லாம் இந்தப் பலகைக்குள் சத்தமில்லாமல் படுத்திருந்திருக்கிறது. அதை ஒரு மெல்லிய தகடு வாங்கிக்கொண்டு நிற்கிறது. தொட நீட்டிய விரலை அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். உறங்கும் குழந்தையருகே போல மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

தங்கையைக் கூப்பிடத் திரும்பினாள்.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

அக்காவுக்குப் பின்னால், பிளேடின் நேர்கோட்டில், அன்று அடிபட்டு விழுந்த அதே இடத்தில், தங்கை நின்றிருந்தாள். காதில் சத்தம் தடுக்கும் கவசம். கண்களை இறுக மூடியிருந்தாள். விலாவை மறைக்காமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தாள்.

மெஷின் நின்றுவிட்டது அவளுக்கு இன்னும் தெரியாது.