மூலை மேசைக்காரர்

"மழையில நனைஞ்சு வர்ற புத்தகத்தை என்ன மேடம் பண்ணுவீங்க?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

அவன் மனைவியின் குரல். இந்நேரம் தங்கை வீட்டில் இருக்க வேண்டியவள். காலையில் அப்படிச் சொல்லித்தான் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து அவனை ஆபீசுக்கு அனுப்பி வைத்தாள்.

ஆபீஸ் என்று ஒன்று அவனுக்கு இல்லாமல் போய் மாதக்கணக்காகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. தினமும் கிளம்பி இந்த நூலகத்துக்கு வந்து, மூலை மேசையில் உட்கார்ந்து எழுந்து, ஆபீஸ் விடும் நேரத்துக்கு வீடு திரும்புகிறான். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டதில், சொல்லவே வாய் வராத நிலைக்கு வந்துவிட்டான்.

இவள் எதற்கு இங்கே வந்தாள்?

அதற்கான பதில் வாசல் பலகையில் போன வாரமே ஒட்டியிருந்தது. நூலகர் வேலைக்கு வரலாமா என்று யோசிப்பவர்கள் ஒருநாள் முழுக்க நூலகரின் கூடவே இருந்து வேலையைப் பார்க்கலாம் என்ற அறிவிப்பு. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தான். நமக்கென்ன என்று விட்டுவிட்டான்.

தாளின் ஓரமாக எட்டிப் பார்த்தான். வந்திருந்தவர்கள் நாலைந்து பேர். அவர்களில் இவள்தான் நூலகரை ஒட்டி நின்றாள். நனைந்த பக்கங்களுக்கு நடுவே மை ஒற்றும் தாள் வைத்து, மேலே பாரம் ஏற்றி, அவசரப்படாமல் காயவிட வேண்டும் என்று நூலகர் செய்து காட்டினார். அவள் வாங்கி, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கிழியாமல் வைத்தாள். நூலகர் தலையாட்டினார்.

அவளுக்கு இது நன்றாக வருகிறது என்று அவனுக்கே தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா என்றும் தோன்றியது.

பொய் சொல்லிவிட்டு வந்தவள் அவள். ஒளிந்திருப்பவன் இவன். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

எழுந்து போகவும் வழியில்லை. வாசல் அவர்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

தள்ளுவண்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எல்லோரும் அவன் மேசைப் பக்கம் வந்தார்கள். முகத்தைத் தாள் மறைக்கும். அவள் கையால் தேய்த்த சட்டையை எது மறைக்கும்? அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். கடைசியாக வந்த காலடி ஒன்று மேசையருகே கொஞ்சம் தயங்கியது. பிறகு அதுவும் கடந்து போனது.

போன உயிர் திரும்பி வந்தது. அவள் பார்க்கவில்லை.

நூலகர் அவர்களைப் பக்கத்து அலமாரிக்குப் பின்னால் அழைத்துப்போய் நிறுத்தினார். பருமனான அம்மாள். வருஷக்கணக்காகக் கிசுகிசுத்தே பேசிப் பழகியவர். அந்தக் கிசுகிசுப்பு கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது பாதி வேலைதான், வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது மீதி வேலை என்று ஆரம்பித்தார். மூலை மேசைக்காரரைக் கவனித்தீர்களா என்று கேட்டார். மடிப்புக் கலையாத சட்டை போட்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு, ஆபீஸ் நேரத்துக்கு வந்து ஆபீஸ் நேரத்துக்குப் போகிறவர். இப்படி ஒருவர் வந்தால் எதுவும் கேட்கக் கூடாது. காலையில் செய்தித்தாள்களைப் போடும்போது, வேலைவாய்ப்புப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து, சும்மா கிடப்பது போல அந்த மேசையில் போட்டுவிட வேண்டும். மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால், அந்தப் பக்கத்து விளக்கை அணைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். முதல் வாரத்திலிருந்தே அந்தப் பக்கம்தான் மேலே இருந்தது. தனக்கு முன்னால் வேறு யாரோ வேலை தேடிவிட்டு வைத்துப் போகிறார்கள் என்று நினைத்திருந்தான். விளக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தான்.

காது மடல் எரிந்தது. ஈ காக்கைக்குத் தெரியாது என்று அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்தது இங்கே பாடமாக நடக்கிறது. அதையும் அவள் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கணும்மா. இந்த வேலையில அதுதான் கஷ்டம். உங்களால முடியுமா?" என்று நூலகர் யாரையோ கேட்டார்.

பதில் சொன்னது அவள்தான். கிசுகிசுக்கவில்லை. வீட்டில் அடுப்படியிலிருந்து அவனைக் கூப்பிடும் அதே குரலில், ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு மேடம். அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டு அவங்க கம்பெனியிலேருந்து அன்னிக்கே வீட்டுக்குப் போன் வந்துடுச்சு. அவரா வாயைத் திறந்து சொல்லட்டும்னு இத்தனை நாளா நானும் தெரியாத மாதிரிதான் இருந்தேன். இதுக்கு மேல என்னால முடியாது மேடம்."

படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். சத்தம் போடாதீர்கள் என்று நூலகர் சொல்லவில்லை.

அவன் செய்தித்தாளை மடித்து மேசைமேல் வைத்தான். எழுந்து, அலமாரியைச் சுற்றிக்கொண்டு அவள் நின்ற பக்கம் நடந்தான்.