ஆறு வருஷ நோட்டீஸ்

“வீட்டு மேல ஒரு நோட்டீஸ் நிக்குது சார்” என்றார் நகராட்சி எழுத்தர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மாடி அறை அனுமதி இல்லாமக் கட்டினதுன்னு புகார். ஆறு வருஷமாச்சு.”

“அதுக்குத்தானே வந்திருக்கேன் மேடம்.” வீட்டை விற்க வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “வாங்க வர்றவன் இங்க வந்து விசாரிப்பான். அதோட ஓடிடுவான். அறையை இடிச்சா விலை போயிடும். மூணு பார்ட்டி போயாச்சு.”

“நாலு” என்றார் கூட வந்த தரகர். “அந்த வீட்டைக் காட்டிக் காட்டியே ரெண்டு ஜோடி செருப்பு தேஞ்சுபோச்சு.”

“புகார் குடுத்தது யாருன்னும் தெரியும். பக்கத்து வீட்டு யூனியன்காரன். வேலையில இருந்தப்ப முதலாளி மேல மனு. ரிட்டயரானப்புறம் என் மேல மனு. தெருவுல நிக்கவெச்சு, நாலு பேர் பார்க்கக் கேட்டேன். வாயே திறக்கலை. திருட்டு முழி முழிச்சான். போன மாசம் எங்கம்மா செத்தப்ப பூவோட வந்து நிக்கிறான். வாசலோட திருப்பி அனுப்பிட்டேன்.”

எழுத்தர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மா இறந்துட்டாங்களா?”

“ஆமா மேடம். பாவம், விக்காதேன்னு ஒருநாள் சொன்னதில்லை. ‘உன் இஷ்டம்ப்பா’ன்னுதான் சொல்வாங்க. வீடு பார்க்க வர்றவங்களுக்கு அவங்களே டீ போட்டுக் குடுப்பாங்க. வித்ததும் சேர்க்கறதுக்கு நல்ல முதியோர் இல்லமாப் பார்த்துவெச்சிருந்தேன். குடுத்துவைக்கலை. அந்தப் பழைய வீட்டுலயே போய்ச் சேர்ந்துட்டாங்க.”

“இறப்புச் சான்றிதழ் இருக்கா?”

பத்திரப் பதிவுக்காக எடுத்த நகல் பையில் இருந்தது. கொடுத்தார்.

எழுத்தர் உள்ளே போய் ஒரு பழைய ஃபைலோடு வந்தார். சான்றிதழை அதில் கோத்து முத்திரை குத்தினார்.

“நோட்டீஸ் ரத்து. நீங்க விக்கலாம் சார்.”

“அவ்வளவுதானா? அப்ப புகார்?”

“எங்க ஆள் வந்து அளக்கவே இல்லை. புகார் மேல மட்டும் நின்ன நோட்டீஸ் அது. குடுத்தவங்க வாபஸ் வாங்கினாலோ, இறந்துபோனாலோ எடுத்துடலாம்.”

“அவன் கல்லு மாதிரி இருக்கானே மேடம்!”

எழுத்தர் ஃபைலை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“பாரு, பாரு! அவன் எழுத்தேதான்!” விற்க வந்தவர் தரகரின் தோளைத் தட்டினார். “நான் சொன்னேனா இல்லையா?”

“எழுதிக் குடுத்தது அவரா இருக்கலாம் சார். கீழ கையெழுத்தைப் பாருங்க.”

கோணலும் மாணலுமாக அம்மாவின் பெயர்.

தரகர் மெல்ல எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

மகன் மனுவை ஆரம்பத்திலிருந்து படித்தார். கடைசி வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

‘என் மகன் கேட்டால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே ஐயா, நான் இருக்கும்வரை அதை நீங்கள் சொல்லிக்கொண்டிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’