பேக்கிங் ஹாலில் நாலு நாற்காலி

"அந்தப் பிள்ளைங்களை எங்கே உட்கார வைக்கச் சொல்றீங்க?"

ஹெச்.ஆர். மேடத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"பேக்கிங் ஹால்ல," என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே. தொழிலாளிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. சும்மா வைக்கவில்லை.

மேனேஜ்மென்ட் மேற்படிப்பு படிக்கும் நாலு பேர், கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காகத் திங்கட்கிழமை வரப் போகிறார்கள். அதற்காக மேடம் ஒரு வாரமாகக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்திருந்தார். மாடியில் ஏசி ரூம், வெள்ளை போர்டு, வைஃபை, கழுத்தில் மாட்ட அடையாள அட்டை, காபி மெஷின்கூட ரெடி. புது மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் நடக்காது.

"அது ஹாலா சார்? அடுப்பு! டப்பாவுக்குச் சூடு காட்டி பிளாஸ்டிக் உறை சுத்தற அந்த மெஷின் பக்கத்துல மனுஷன் நிக்க முடியுதா?"

"பேக்கிங் ஏன் லேட்டாகுதுன்னுதானே ப்ராஜெக்ட்? மாடியில உட்கார்ந்து மேகத்தையா ஆராயப் போறாங்க?"

"ரெண்டு பேர் பொண்ணுங்க சார்! மயக்கம் போட்டு விழுந்தா?"

"தண்ணி தெளிச்சா எழுந்துக்குவாங்க."

இந்த ஆளைப் பெத்தாங்களா, செஞ்சாங்களா என்று முணுமுணுத்துக்கொண்டே மேடம் வெளியே வந்தார்.

மறுநாள் மெஷினை ஒட்டினாற்போல ஒரு டேபிள், நாலு நாற்காலி. வேண்டுமென்றே அளந்து போட்ட மாதிரி.

டப்பா அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "பாவம் மேடம், படிக்கிற புள்ளைங்க. இந்தச் சூட்டுல எப்படித் தாங்கும்?" என்றாள் ஒருத்தி, கழுத்து வேர்வையைத் துடைத்தபடி.

மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக முதலாளியிடம் போனார்.

"நீங்களே வந்து பாருங்க சார். அந்தக் கொடுமையை என்னால வாயால சொல்ல முடியாது."

பேக்கிங் ஹாலுக்குள் முதலாளி கால் வைத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"என்னய்யா இது! பசங்களை வேக வைக்கவா கூப்பிட்டோம்? காலேஜ்ல போய் என் கம்பெனியைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"லேட் இங்கேதானே சார் ஆகுது," என்றார் மேனேஜர், முகம் மாறாமல். "கூடவே உட்கார்ந்து பார்த்தாத்தான் காரணம் புரியும். போன மாசம் கைவிட்டுப் போன ஆர்டர்..."

ஆர்டர் என்றதும் முதலாளி அடங்கினார். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"சரி, இங்கேயே இருக்கட்டும். ஆனா திங்கட்கிழமைக்குள்ள இந்த இடத்தை மனுஷங்க இருக்கிற மாதிரி மாத்துங்கய்யா! செலவைப் பார்க்காதீங்க."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை நடந்தது. சுவரைத் துளைத்துப் பெரிய பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். மெஷினைச் சுற்றிச் சூட்டை மறைக்கத் தடுப்பு. மூலையில் குளிர்ந்த தண்ணீர்.

திங்கட்கிழமை காலையில் ஷிஃப்டுக்கு வந்த பெண்கள் ஃபேன் காற்றில் முந்தானை பறக்க ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மேடம் நிமிர்ந்து நின்றார்.

"பார்த்தீங்களா சார்? எடுத்துச் சொன்னா முதலாளி செய்யறார். சொல்றதுக்குத்தான் ஒரு மனசு வேணும். சில பேருக்கு அது இல்லை."

மேனேஜர் இரண்டு ஆட்களைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"டேபிளைத் தூக்குங்கப்பா. மாடிக்கு."

"மாடிக்கா?"

"பசங்க உங்க ஏசி ரூம்லயே இருக்கட்டும் மேடம். அப்பப்ப இறங்கி வந்து பார்த்தாப் போதும்."

மேடத்துக்கு ரத்தம் கொதித்தது. "அப்ப எதுக்கு சார் இந்த ஆட்டம்? ஃபேன் வேணும்னா நேரா என்கிட்ட வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே மேடம். போன வெயில் காலத்துல டப்பா அடுக்கிட்டிருந்த பொண்ணு ஒருத்தி இதே இடத்துல மயங்கி விழுந்தாளே, அன்னிக்கு," என்றார் மேனேஜர். "'இவங்களுக்கெல்லாம் இது பழக்கம்தானே சார்'னு சொன்னீங்க."