பதினெட்டு நிமிஷம்

"செவ்வாய்க்கிழமை டாக்டர் பதினெட்டு நிமிஷம் லேட்டு. இருபத்திரண்டு நோயாளிங்க காத்துக் கிடந்தாங்க."

ஏழு தெரு ஜனமும் கூடியிருந்த சுகாதார நிலையத்தில், தையல்காரம்மா மக்கள் கண்காணிப்புக் குழுவின் நோட்டைக் கணீரென்று வாசித்தாள். தெருவுக்கு ஒருவராக ஆள் பிடித்து இந்தக் குழுவைக் கட்டியவளே அவள்தான்.

கூட்டத்துக்கு வந்திருந்த சுகாதாரத் துறை மேலதிகாரிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, மாசத்துல ஒரே ஒரு நாள். அதைப் போய் இத்தனை பேர் முன்னால வாசிக்கணுமா? டாக்டர்மேல ஏதாவது கோபமா?"

"கோபம் எதுக்கு சார்? தங்கமான டாக்டர். ஆனா மருந்து தீர்ந்துபோனதை எழுதின கை இதையும் எழுதணுமில்ல?"

அவர் இளம் டாக்டரிடம் திரும்பினார். "ஏம்மா லேட்டு?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சாப்பிடாம போகக் கூடாதுன்னு வீட்டு வாசலை மறிச்சுக்கிட்டு நின்னாங்க சார்."

"யாரு?"

"இதோ, வாசிக்கிறாங்களே, எங்கம்மாதான்."

கூடமே சிரித்தது. தையல்காரம்மா அசரவில்லை.

"அது வீட்டு விஷயம் சார்" என்றவள், நோட்டை நீட்டினாள். "டாக்டர், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

பரிசு வாங்கப் போகிறவளைப் போல நிமிர்ந்து நடந்துபோய்க் கையெழுத்துப் போட்டாள் மகள்.