பச்சை எரிந்தால் ஓடலாம்

ஜெனிஷாவின் மார்புப்பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. இன்ஹேலர் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று பட்டை எண்ணும்; மருந்தை நாள் தவறாமல் இழுத்த ஆஸ்துமாக்காரர்களுக்குத்தான் அது எரியும். எரிந்தால்தான் பந்தயத்தில் ஓடலாம்.

வேலிக்கு இப்பால் நின்ற அவள் அம்மா செல்வராணி அதைப் பார்த்ததும் வேலியைப் பிடித்து எக்கினாள். அந்த மருந்திலுள்ள ஸ்டீராய்டு பிள்ளையின் முகத்தை ஊத வைத்துவிடும் என்று பயந்து, மகளுக்குத் தெரியாமல் மருந்துக் குப்பியை உருவிவிட்டு, போன மாதமே வெறுங்காற்றுக் குப்பியைச் செருகி வைத்தவள் அவள்தான்.

"சார், நிறுத்துங்க! எம்புள்ளைக்கு மூச்சு முட்டிரும்!"

"பச்சை எரியுதேம்மா. மெஷின் பொய் சொல்லாது," என்றார் நடுவர், திரும்பாமலே.

"பொய் சொன்னது மெஷின் இல்ல சார், நான்!" செல்வராணி பையிலிருந்த மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினாள்.

துப்பாக்கி வெடித்தது. பச்சை விளக்கு எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து போனது.