கடைசிக் குழாய்

"தண்ணியாப்பா இது? டீ போட்டா ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது!"

வாட்டர் டேங்க் அறைக்குள் நுழையும்போதே தையல் மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார். கையில் மடித்த காகிதம்.

குளோரின் ஆபரேட்டர் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மாஸ்டர் உட்காரவில்லை.

"இது மூணாவது மனு. தெருவே கையெழுத்துப் போட்டிருக்கு. இந்தத் தடவை உன் வேலைக்கே வேட்டுதான்."

மாஸ்டருக்குக் கிளி மூக்கு. அதன் நுனியில் கோபம். இரண்டு வருஷம் முன்னால் மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். 'அவ பேச்சை எடுக்கிறவன் என் கடைப்படி ஏறக்கூடாது' என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார்.

"டேங்க்கை ஒட்டின முதல் வீடு உங்களுது மாஸ்டர். அதான் வாசனை. அளவுக்கு மேல ஒரு சொட்டு போடலை."

"குறைச்சுத் தொலையேன்!"

"போற வழியெல்லாம் அழுக்கோடயும் கிருமியோடயும் மல்லுக்கட்டி குளோரின் தீர்ந்துடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைசிக் குழாய் வரைக்கும் கொஞ்சமாவது மிஞ்சணும்ல?"

ஒரு கண்ணாடிக் குழலை எடுத்துக் காட்டினான்.

"தினம் அந்தக் கடைசிக் குழாய்க்குப் போய் இதுல தண்ணி பிடிச்சு, மருந்து ரெண்டு சொட்டு விடுவேன். மஞ்சளா மாறினா குளோரின் இருக்குன்னு அர்த்தம். உங்க ரெண்டாவது மனுவைப் பார்த்துட்டு மேலதிகாரிங்க குளோரினைக் குறைக்கச் சொன்னாங்க. குறைச்சேன். மஞ்சள் வரலை. அந்தக் கடைசிக் குழாய் வீட்டுக் கைக்குழந்தைக்கு வயித்தாலே போய், நாலு நாள் ட்ரிப்ஸ். அப்புறம்தான் பழையபடி ஏத்தினேன்."

"எவன் வீட்டுக் குழந்தைக்கோ நான் ஏன்டா மருந்துத் தண்ணி குடிக்கணும்?"

ஆபரேட்டருக்கு வார்த்தை தொண்டை வரை வந்தது. யார் வீடு என்று சொல்லக்கூடாது. சொன்னால் அந்தக் கோபத்திலேயே மாஸ்டர் நேரே போய் மனுவைக் கொடுத்துவிடுவார். குழலைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"இப்ப நல்லா இருக்கா மாஸ்டர். பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறா."

"சிரிச்சா எனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல..." தலையைச் சொறிந்தான். "அப்படியே உங்க மூக்கு."

மாஸ்டர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். காகிதத்தை மடித்தார், இன்னும் மடித்தார். ஊக்குப் பொட்டலம் அளவுக்கு ஆனதும் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"இன்னிக்குப் பார்த்துட்டியா, மஞ்சள் வருதான்னு?"

"இனிமேதான் போகணும்."

மாஸ்டர் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார்.

"கேரியர்ல என்னையும் ஏத்திக்கிறியாப்பா?"